அந்தக் கறுப்புக் கிறுக்கலுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: எனக்கு வயது 41. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவது என் பழக்கம். ராத்திரி படுத்த பிறகு என்மீதே எரிச்சல் வரும். ஏன் இப்படி இருக்கிறேன் என்று என்னையே புரிந்துகொள்ளத்தான் ஒரு வருடமாகக் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதை விழிப்போடு கவனிப்பது) பயிற்சி செய்கிறேன். பாதி நாள், நேற்று யாரிடம் என்ன சொன்னேன் என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. தோழி சொன்னாள் என்று, அட்டையில் "ஆர்ட் தெரபி" (ஓவியம் வழியாகச் செய்யும் மனநல சிகிச்சை) என்று போட்டிருந்த கலரிங் புத்தகம் ஒன்று வாங்கினேன். மனசு அமைதியானது, ஆனால் என்னைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. போன மாதம் ஒரு நாள், மூச்சுப் பயிற்சி முடிந்த கையோடு வெறும் தாளில் கிரேயானால் கிறுக்கினேன். இடது பக்கக் கீழ் மூலையில் கறுப்பாக அடர்த்தியாக வந்தது. படத்தை இணைத்திருக்கிறேன். அதைப் பார்த்த தோழி "இது டிப்ரஷன்" என்றாள். இணையத்தில், இடது பக்கம் என்றால் கடந்த காலம், கறுப்பு என்றால் பயம் என்று போட்டிருக்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டேன். மைண்ட்ஃபுல்னெஸ், ஆர்ட் தெரபி இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? எனக்கு வரையவே வராது. நானே செய்யலாமா, யாரிடமாவது போக வேண்டுமா? அந்தக் கறுப்புக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைப் பயமுறுத்தி நிறுத்தியது அதுதானே. தாளின் மூலையில் கறுப்பு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உங்களுக்கு மனச்சோர்வு என்று யாராலும் சொல்ல முடியாது. தோழியாலும் முடியாது, இணையத்தாலும் முடியாது, இந்தத் தொழிலிலேயே ஊறிப்போனவர்களாலும் முடியாது. கறுப்பு கிரேயான் கைக்குப் பக்கத்தில் கிடந்ததுகூடக் காரணமாக இருக்கலாம்.

படத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஆசையைத்தான் சோதித்தார்கள். மனித உருவப் படங்களோடு, "இதை வரைந்தவர் பிறரைச் சந்தேகப்படுபவர்" என்பது போன்ற குறிப்புகளைத் துளியும் சம்பந்தம் இல்லாதபடி சேர்த்து, கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். சந்தேகப் புத்திக்காரர்கள் கண்களைத் தனி மாதிரியாக வரைகிறார்கள் என்று மாணவர்கள் "கண்டுபிடித்தார்கள்". அந்தப் படங்களில் அப்படி ஒரு தொடர்பே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மனநல நிபுணர்களிடம் கேட்டபோது அவர்களும் தங்கள் அனுபவத்தில் பார்த்ததாக ஏறக்குறைய இதே தொடர்புகளைத்தான் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் என்றால் கண் என்று மனசு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அப்புறம் போகிற இடமெல்லாம் அதற்குச் சாட்சி கிடைக்கிறது. கறுப்பு என்றால் பயம் என்பதும் இந்த ரகம்தான்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஆலோசகர்களான நாங்கள் கேட்பது வேறு கேள்விகள். இரண்டு வாரமோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதி மனசு சோர்ந்தே கிடக்கிறதா? பிடித்த விஷயங்களில்கூட ஈடுபாடு போய்விட்டதா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓயாமல் வருகிறதா? இவற்றில் பலவற்றுக்கு "ஆமாம்" என்றால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தை வைத்து நோய் சொல்வதும் படத்தை வைத்து நோய் சொல்வதும் ஒன்றுதான் என்பதால் உங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போது, சேர்த்துச் செய்யலாமா என்ற கேள்வி. தாராளமாகச் செய்யலாம். உங்கள் பிரச்சினைக்குத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்த்துச் செய்வது பொருத்தம் என்றே நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

காலையில் உட்காரும்போது "நேற்று யாரிடம் என்ன சொன்னேன்" என்று ஓடுகிறதே, அது தன்னைப் பற்றிய சிந்தனைதான். ஆனால் தன்னைப் பற்றிச் சிந்திப்பதில் இரண்டு வகை உண்டு. டிராப்னெல், கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, பயமும் இழப்பும் தனக்கு அநீதி நடந்தது என்ற நினைப்பும் தள்ளிக்கொண்டு போகிற சிந்தனை. போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும். இன்னொன்று, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் பார்ப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: ஒருவர் கண்ணை மூடித் தன்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இருப்பவருக்குக்கூட வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. "நான் சுயபரிசோதனை செய்கிறேன்" என்று நம்பிக்கொண்டே ஒரு வருடம் முதல் வகையில் சுற்றிவர முடியும்.

மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஜான் கபட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கி, பிற்பாடு 8 வாரப் பயிற்சியாக உலகம் முழுக்கப் பரவிய முறையில் மூச்சுக்கு முக்கியமான இடம் உண்டு. மனசு ஓடிவிட்டது என்று கவனித்துத் திரும்பக் கூட்டிவருவதே அதில் பயிற்சி. நீங்கள் பாதி நாள் கவனித்திருக்கிறீர்கள், அது வீண் இல்லை. ஆனால் உங்களுக்கு மனசு முழுக்க வார்த்தைகள். வார்த்தை வார்த்தையைப் பிடித்து இழுக்கும்போது, அதிலிருந்து வெளியே எடுத்து எதிரில் வைத்துப் பார்க்க உங்களிடம் ஒரு பொருள் இல்லை. வரைந்தால் அந்தப் பொருள் கிடைக்கிறது. தாளில் இருப்பது அங்கே இருக்கும், நீங்கள் இங்கே இருப்பீர்கள். நடுவில் ஒரு கை நீளத் தூரம் இருக்கும். இந்தத் துறையில் பெரும்பாதி வேலை அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது.

இந்தச் சேர்க்கை நேற்று முளைத்தது அல்ல. 2006-ல் டேனியல் மான்டியும் அவர் குழுவினரும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 111 பெண்களிடம் மைண்ட்ஃபுல்னெஸும் ஓவியமும் கலந்த 8 வாரப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் தெளிவாகக் குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் நடத்திய குழு வகுப்பு அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; வீட்டில் தனியாகச் செய்வதற்கும் அதே பலன் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கலரிங் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உங்களுக்கு அமைதி கிடைத்தது உண்மைதான். கரி, காஸர் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மண்டலா (வட்டத்துக்குள் அமைந்த கோலம்) போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கு வண்ணம் தீட்டிய மாணவர்களின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. கோடு ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் முடிவெடுக்க வேண்டியது குறைவு, மனசு ஓய்வெடுக்கிறது. நல்ல விஷயம்தான், அசதியான நாளில் செய்யுங்கள். அட்டையில் என்ன போட்டிருந்தாலும் அது ஆர்ட் தெரபி ஆகாது. வெறும் தாள் உங்களுக்கு அமைதி தரவில்லை என்றால் அதில் தப்பும் இல்லை. அதன் வேலை வேறு. தன்னைப் பார்க்க உட்காரும்போது கொஞ்சம் சங்கடமாக இருப்பது வழக்கம்தான்.

"வரையவே வராது" என்பதை நான் கேட்காத வாரமே இல்லை. கிரிஜா கைமல் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் ஏதாவது வரைந்தார்கள், ஒட்டினார்கள், களிமண்ணில் செய்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு எச்சிலில் இருந்த, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது முடிவை மாற்றவில்லை. என் அனுபவத்தில், நன்றாக வரையத் தெரிந்தவர்களோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தாளைத் தொட்டதும் அழகாக்க ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது அதற்குள் பயந்து ஓடிவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, எப்படிச் செய்வது? கோடு போடாத பெரிய தாள் எடுங்கள். கிரேயான் அல்லது ஆயில் பேஸ்டல் போதும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். ரப்பர் இருந்தால் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். வாட்டர்கலர் ஓடும், வழியும், கட்டுக்கு அடங்காது. சிலருக்கு அது விடுதலை, சிலருக்குப் பதற்றம், அதனால் அது அப்புறம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். தினமும் வேண்டாம்.

"நான் ஏன் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறேன்" என்று கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்தக் கேள்விக்கு மனசு வார்த்தையில்தான் பதில் சொல்லும், அந்தப் பதிலெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதற்குப் பதில், இந்த வாரம் சொன்ன ஒரே ஒரு "சரி"யை எடுங்கள். யார் கேட்டார், எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்கு அரை வினாடி முன்னால் என்ன நடந்தது. கண்ணை மூடியோ பாதி திறந்தோ சில நிமிடம் அந்த இடத்திலேயே இருங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். தொண்டையா, தோளா, வயிறா? பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம். கோபம், பயம் என்ற சொற்கள் வந்தால் வரட்டும், அவற்றுக்குப் பின்னால் பாருங்கள்: எவ்வளவு பெரியது, கனமா லேசா, சூடா குளிரா, அசைகிறதா, ஒரே இடத்தில் இறுகிக் கிடக்கிறதா. யூஜின் ஜெண்ட்லின் என்ற தத்துவ அறிஞர் இப்படி உடம்பில் மங்கலாகத் தெரியும் உணர்வோடு பொறுமையாக இருப்பதைத்தான் ஒரு முறையாகவே கற்றுத்தந்தார். லாரி ராப்பபோர்ட் என்ற ஆர்ட் தெரபிஸ்ட் அதை ஓவியத்தோடு இணைத்தார். நான் இங்கே சொல்வதில் நிறைய அவர்கள் வழியில் வந்தது.

அப்புறம் கையை விடுங்கள். எந்த நிறத்துக்குக் கை போகிறதோ அது. முதல் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டே போடலாம். இதுவரை மூச்சு இருந்த இடத்தில் இப்போது கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேயான் தாளில் உரசும் சத்தம், எவ்வளவு அழுத்துகிறீர்கள், தோள் எங்கே தூக்கிக்கொள்கிறது, எந்தக் கணத்தில் "போதும்" என்று தோன்றுகிறது, எந்தக் கணத்தில் "இது அசிங்கமாக இருக்கிறது, சரிசெய்" என்று உள்ளே ஒரு குரல் வருகிறது. குரலோடு சண்டை வேண்டாம். வந்தது என்று கவனித்துவிட்டு, உரசும் சத்தத்துக்குத் திரும்புங்கள். யோசனை ஓடும்போது மூச்சுக்குத் திரும்புவீர்களே, அதே வேலைதான்.

10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும். இதன் பிறகு வருவதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை: பார்ப்பது. தாளைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நில்லுங்கள். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். போனில் யாரிடமோ விவரிப்பது போல, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்கிறேன். கீழே இடது மூலையில் கறுப்பு. கோடுகள் எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழே. அழுத்தியதில் மெழுகு திட்டுத்திட்டாக நிற்கிறது. ஓர் இடத்தில் கோடு தாளின் விளிம்பில் அறுந்திருக்கிறது, கை மேஜைக்கே போயிருக்க வேண்டும். கறுப்பு மெலிந்த ஓர் ஓரத்தில் அடியில் பச்சை தெரிகிறது. முதலில் பச்சை, பிறகு மேலே கறுப்பு. தாளின் மற்ற பகுதி முழுக்கத் தொடாத வெள்ளை. இவ்வளவுதான் நான் பார்த்தது. உங்கள் கடிதத்தில் பச்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தோழியும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. கறுப்புக்கு அர்த்தம் தேடுகிற அவசரத்தில் இரண்டு பேருமே அதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம்.

"பச்சை உங்கள் ஆசை, கறுப்பு அதை மூடும் உங்கள் சரி" என்று சொல்ல எனக்கும் நாக்கு துறுதுறுக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், நீங்களும் ஒருவேளை தலையாட்டுவீர்கள். ஆனால் அது என் கதை, உங்களுடையது அல்ல. நான் கேட்கக்கூடியது இதுதான்: பச்சையை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்த அந்த நேரம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது உடம்பு எப்படி இருந்தது? அழுத்தியபோது சிரமமாக இருந்ததா, சுகமாக இருந்ததா? சுகமாக இருந்தது என்றால் உங்கள் தோழியின் விளக்கம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அல்லது ஒன்றுமே ஞாபகம் இல்லையா? அதுவும் ஒரு பதில்தான்.

பார்த்து முடித்த பிறகு நாலு வரி எழுதுங்கள். "நான் பார்ப்பது..." என்று ஆரம்பித்து, வேண்டுமானால் "அந்த வடிவத்துக்கு வாய் இருந்தால் அது சொல்வது..." என்று முடிக்கலாம். பின்பக்கம் தேதி போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். ஒற்றைப் படத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. இரண்டு மாதம் கழித்து எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். எந்த இடம் எப்போதும் காலியாக இருக்கிறது, எந்த நிறம் எந்த ஆள் சம்பந்தப்பட்ட நாளில் வருகிறது, எப்போது அழுத்தம் குறைகிறது. மறுபடி மறுபடி வருவது எதுவோ, அதைப் பற்றி யோசிக்கலாம். தற்செயலாக ஒருமுறை வந்தது அந்தக் கூட்டத்தில் தானாக ஒதுங்கிவிடும்.

உங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. யார் கேட்டாலும் சரி என்று சொல்கிறவர், இந்தப் பயிற்சியையும் ஆலோசகர் சொன்னார் என்று வீட்டுப்பாடமாகச் செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரு வாரம் பிடிக்கவில்லை என்றால் செய்யாதீர்கள். பாதியில் கையை எடுக்கத் தோன்றினால் எடுத்துவிடுங்கள். நான் சொன்ன நாலு வரி சலிப்பாக இருந்தால் எழுத வேண்டாம்.

தோழியிடம் இனிமேல் காட்டலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். காட்டத்தான் வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அக்கறையில் சொன்னவர்தான், வேறு விதமாகப் பார்க்கச் சொன்னால் ஒருவேளை நன்றாகவே பார்ப்பார்.

தனியாகச் செய்யலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதிய அளவுக்குச் செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் இது ஒரே மாதிரி இருக்காது. பழைய அதிர்ச்சி ஏதாவது இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உடம்பைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டலாம். மூச்சு முட்டுவது போல இருந்தாலோ, உடம்பு மரத்துப்போய் "நான் இங்கே இல்லை" என்பது போலத் தோன்றினாலோ, பழைய காட்சிகள் கட்டுக்கு அடங்காமல் வந்தாலோ அதைத் தாங்கிக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, எதிரில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளின் விளிம்பை மட்டும் பார்த்துப் பார்த்து வரையுங்கள். அது அடங்கவில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் அப்படியே ஆகிறது என்றாலும் பயிற்சி பெற்றவர் துணையோடுதான் தொடர வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் எந்தப் பயிற்சிக்காகவும் எந்தப் பதிலுக்காகவும் காத்திருக்காமல், அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவிக்குப் போய்விடுங்கள்.

யாரிடம் போவது என்பதில் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை, ஒரு வார இறுதி வகுப்பு முடித்தவரும் பலகை மாட்டிவிடலாம். எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கேளுங்கள். மனநல சிகிச்சையில் பயிற்சி உண்டா, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்களா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார். முதல் சந்திப்பிலேயே உங்கள் தாளைப் பார்த்து "உங்கள் பிரச்சினை இதுதான்" என்று சொல்லிவிட்டாலும் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். இதுவரை வரைந்தவற்றை எடுத்துப்போவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். காட்டித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.